நான்கு தாள்களை மீண்டும் சுவரில் ஒட்டக் கோரி

அனுப்புநர்:
கை. சௌந்திரம்,
(க/பெ. கைலாசம்)
கோழிப்பண்ணை, மேட்டுத்தோட்டம்,
கருங்கல்மேடு அஞ்சல்,
நாமக்கல் வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு திட்ட இயக்குநர் அவர்கள்,
கோழி வளர்ப்போர் கணிப்பொறி உதவித் திட்டம்,
சேலம்.

பொருள்: கணிப்பொறி மையப் பொறியாளர் திரு. சின்னப்பராஜ் பொதுமக்களுக்காக எழுதிய விளக்கத் தாள்கள் அகற்றப்பட்டமை – அவர்மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெறவும், எல்லாப் பொறியாளர்களும் இவ்வாறு எழுத ஊக்கம் அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மையப் பொறுப்பாளரின் 7.11.1988 நாளிட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவில் நான் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. செத்துப்போன கோழிகளைப் பற்றி ஒருவர் மனுக் கொடுத்தால் அதை நேரே இழப்பீட்டுக் கோப்பில் செருகிவிடுவார்கள் என்று தங்கள் அலுவலகத்து எழுத்தர் ஒருவரே என்னிடம் சொன்னார். தயவுசெய்து இதை அந்தக் கோப்பில் வைக்க வேண்டாம். அங்கே போனால் இதற்குக் கதிமோட்சம் கிடையாது.

2. நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். என் கணவர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட ஆண்டில் எட்டு மாதம் வெளிமாநிலங்களுக்குப் போய்விடுவதால், பண்ணையை நானும் என்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் பாப்பாயியும் நடத்தி வருகிறோம். பாப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். இந்த மனுவில் அவள் பெயர் பல இடங்களில் வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

3. தங்கள் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கடந்த சித்திரையில் அது தொடங்கியபோது எங்கள் பகுதியில் முதலில் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. வாரந்தோறும் ஒரு படிவத்தில் குஞ்சுகளின் எண்ணிக்கை, வயது, தீவனம், எடை ஆகியவற்றை எழுதி அனுப்பினால், சேலத்தில் கணிப்பொறி அதைப் பார்த்து, அந்த வாரம் என்ன தீவனம், என்ன மருந்து, எந்தத் தடுப்பூசி என்று ஒரு சீட்டு அச்சடித்து அஞ்சலில் அனுப்புகிறது. மருத்துவரைத் தேடி நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இரண்டு ஓரமும் வரிசையாகத் துளை போட்ட அந்தச் சீட்டு முதன்முதலில் வந்த நாளில் பக்கத்துத் தோட்டத்தார் நான்கு பேர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

4. ஆனால் அந்தச் சீட்டில் இருந்ததெல்லாம் வெறும் குறியீட்டு எண்கள். கோடு 3, கோடு 7, கோடு 11 என்று வரும். எந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்ற பட்டியல் சேலத்தில் குளிர்சாதன அறைக்குள், ஆங்கிலத்தில் இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஊர் அப்புசாமி அவர்களுக்குக் கோடு 11 வந்தது. அவர் அது ஏதோ மருந்து என்று எண்ணி நாமக்கல் மருந்துக் கடைக்குப் போய், “பதினொண்ணு இருக்குதுங்களா?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரரும் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் ஒரு சத்து டானிக்கைக் கொடுத்திருக்கிறார். கோழிகள் நன்றாகவே இருந்தன. அடுத்த வாரமும் கோடு 11 வந்ததும் இவர் போய் இரண்டு புட்டியாக வாங்கி வந்தார். கோடு 11 என்றால் ‘விவரம் போதாது, படிவத்தை மீண்டும் அனுப்பவும்’ என்று பொருளாம். இதைக் கேட்டு நானும் சிரித்தேன். எனக்கு வந்தது கோடு 7. அதற்குச் சிரிக்க முடியவில்லை.

5. கோடு 7 என்பது வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான இரண்டாம் தடுப்பூசி. இறக்கையடியில் போடுவது. இந்த ஒரு கோட்டின் பொருள் மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆறு வாரம் நிறையாத குஞ்சுக்கு அந்த மருந்தின் வேகம் தாங்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் தவறு நடந்தது. எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் இந்த மனுவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

6. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கானாலும் பயிருக்கானாலும் கோழிக்கானாலும் நடக்கும் வயதைத்தான் சொல்வோம். இரண்டு வயது முடிந்த குழந்தையை “மூணு நடக்குது” என்போம். குஞ்சு வந்து இறங்கிய அன்றைக்கே பாப்பாயி கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் 1 என்று எழுதிவிடுவாள். ஏழாம் நாள் முடிந்ததும் அதை அழித்து 2 என்று எழுதுவாள். கதவில் இருக்கும் எண் நடக்கும் வாரத்தின் எண். என் மாமியார் காலத்திலிருந்து இந்த வழக்கம்தான். படிவத்தில் ‘வயது – வாரம்’ என்று இரண்டே சிறு கட்டங்கள் இருந்தன. அதில் கதவில் இருப்பதைப் பார்த்து எழுதினேன். வேறு எதை எழுதுவேன்?

7. ஜூலை 6, புதன்கிழமையன்று எனக்கு இரண்டாயிரம் குஞ்சுகள் வந்தன. ஆகஸ்டு 3, புதன்கிழமை கதவில் 5 ஏறியது. அதாவது, முடிந்தது நான்கு வாரம். நான் 5 என்று எழுதிப் படிவத்தை அனுப்பினேன். கணிப்பொறியில் புரோகிராம் எழுதியவர்கள், படிவம் போய்ச் சீட்டு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று நல்லெண்ணத்தோடு யோசித்து, நாங்கள் எழுதும் வயதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நடக்கும் வாரத்தை எழுதுவோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒன்று கூட்டினோம், அவர்கள் ஒன்று கூட்டினார்கள். நான்கு வாரக் குஞ்சு சேலம் போய் ஆறு வாரக் கோழியாகத் திரும்பி வந்தது. அந்த முறை அஞ்சல் துறையும் சுறுசுறுப்பாக வேலை செய்து, சனிக்கிழமையே சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

8. ஆகஸ்டு 7, ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டோம். அன்று காலையில் குஞ்சைக் கையில் எடுத்த பாப்பாயி, “ஏனுங்க அம்மிணி, இதுக்குப் போயி இறக்கை ஊசிங்களா? இன்னும் கொண்டையே சரியாத் தெரியலைங்களே” என்றாள். நான் சீட்டைக் காட்டி, கணிப்பொறி சொல்லிவிட்டது, போடு என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குஞ்சுகளைப் பார்த்து வரும் என் கண்ணையும் அவள் கையையும் நம்பாமல், தாளை நம்பினேன். அந்தப் பொறுப்பு என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட நான் வரவில்லை.

9. ஐந்தாம் நாள் குஞ்சுகள் கழுத்தைத் திருகிக்கொண்டு காலை இழுக்கத் தொடங்கின. ஒன்பது நாட்களில் நானூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகள் செத்தன. மருத்துவர் வந்து பார்த்து, மருந்தில் குறையில்லை, வயதுதான் போதவில்லை என்றார். வேலி ஓரத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடினோம். கூடையைக் கவிழ்த்துவிட்டு நின்ற பாப்பாயி, “மெசினுக்கு நம்ம குஞ்ச ஆருங்க காட்டுனது?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

10. மற்றவர்களையும் விசாரித்தேன். சுற்றுவட்டத்தில் மூன்று பண்ணைகளுக்கு இதேபோல் முன்கூட்டியே கோடு 7 வந்திருக்கிறது. அவர்கள் மருந்து வாங்கப் போனபோது கடையில் இருப்பு இல்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. தட்டுப்பாடு அவர்களைக் காப்பாற்றியது. வாழ்க்கையில் முதன்முறையாக மருந்து கிடைக்காமல் போனதற்கு நன்றி சொன்னவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

11. ஆகஸ்டு 22, திங்கட்கிழமையன்று சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு சேலம் மையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவருகே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். அதன் பிறகு, வெளியார் உள்ளே வரக்கூடாது என்றார்கள். இதைச் செருப்போடு நிற்கும்போதே சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் நின்றேன். தேநீர் குடிக்க வெளியே வந்த ஓர் இளைஞர், வெறுங்காலோடு நிற்கும் என்னைப் பார்த்து விவரம் கேட்டார். அவர்தான் திரு. சின்னப்பராஜ். அந்த மையத்தில் தற்காலிகப் பொறியாளர். சேலத்துக்காரர்.

12. என் சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, அஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது முடிஞ்ச அஞ்சா, நடக்கிற அஞ்சா?” நான் பதில் சொன்னேன். அவர் உள்ளே போய், வேட்டி நீளத்துக்கு மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு தாளை எடுத்து வந்து, அதன் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதில் கூட்டல் குறியும் ஒன்று என்ற எண்ணும் தெரிந்தன. “இந்த வரி நான் எழுதினதுதாங்க. எதுக்கு எழுதினேன்னு ஒரு இடத்துலயும் எழுதி வெக்கலை” என்றார். தேநீர் அவர் கையிலேயே ஆறிப்போயிற்று. அரசாங்கக் கட்டடத்தின் வாசலில் ஒருவர் தன் தவற்றைத் தானாகவே ஒப்புக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

13. அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடித்துவிட்டு அவர் பேருந்தேறி எங்கள் பண்ணைக்கு வந்தார். கதவில் இருந்த எண்ணைப் பார்த்தார். பாப்பாயி எப்படி அழித்து எழுதுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தான் தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்த விளக்கத்தைப் பாப்பாயிக்கும் அப்புசாமி அவர்களுக்கும் படித்துக் காட்டினார். ‘உள்ளீடு செய்யப்படும் தரவுகளின் அடிப்படையில்’ என்று அது தொடங்கியது. பாதியில் பாப்பாயி, “நல்லாத்தான் படிக்கறீங்க சாமி. ஆனா நான் என்ன பண்ணோணும்னு இன்னும் சொல்லலைங்களே” என்றாள். வேறொருவராக இருந்தால் முகம் சுண்டிப் போயிருக்கும். இவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தீவன மூட்டைமேல் உட்கார்ந்து புதிதாக எழுதத் தொடங்கினார். மூன்று ஞாயிறு வந்தார். மூன்று முறை எழுதினார். பாப்பாயி தலையாட்டிய பிறகுதான் அதை முடிந்ததாக வைத்துக்கொண்டார்.

14. அந்த விளக்கம் நான்கு தாள்கள். முதல் தாளில், படிவத்தில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று இருக்கிறது. ‘முடிந்த வாரத்தை எழுதுங்கள். நடக்கும் வாரத்தை எழுதாதீர்கள். அஞ்சல் தாமதத்துக்காக நாங்கள் ஒன்று கூட்டுகிறோம். நீங்கள் கூட்ட வேண்டாம்’ என்பது அதன் முதல் பத்தி. இரண்டாம் தாளில் எல்லாக் கோடுகளுக்கும் பொருள். மூன்றாம் தாளில், கணிப்பொறிக்கு எவையெல்லாம் தெரியாது என்று எழுதியிருக்கிறார். குஞ்சின் உடல்நிலை அதற்குத் தெரியாது, மழை தெரியாது, பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தது தெரியாது, ஆகவே சீட்டும் உங்கள் கண்ணும் மாறுபட்டால் ஊசியை நிறுத்திவிட்டு எங்களைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறார். பாப்பாயி வேலி ஓரத்தில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நான்காம் தாள் மாதிரிப் படிவம், நிரப்பிக் காட்டியது.

15. இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. முதல் தாளை மூன்றாம் முறை படித்துக் காட்டியபோது பாப்பாயி, “வாரத்தக் கேட்டு எதுக்குங்க இத்தன பாடு? குஞ்சு வந்த தேதியக் கேட்டாப் போதாதுங்களா? அது ஒண்ணு மாறாதுங்களே” என்றாள். பொறியாளர், இவ்வளவு நாள் இது தமக்கு ஏன் தோன்றவில்லை என்று சிரித்தார். புரோகிராம் எழுதும்போது தெரியாத ஓட்டை, அதை நான்கு பேருக்கு விளங்கும்படி எழுத உட்கார்ந்தபோது தெரிந்துவிட்டது. ஆகவே இந்த எழுத்து வேலை எங்களுக்குச் செய்யும் தருமம் மட்டும் அன்று. அவர்கள் செய்யும் புரோகிராமுக்கும் அது நல்லது.

16. நாமக்கல்லில் நாங்கள் எல்லாரும் தீவனம் வாங்கும் கடைச் சுவரில், செப்டம்பர் நடுவில், அந்த நான்கு தாள்களையும் ஒட்டினோம். சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. தீவனம் ஏற்றும் வரை சும்மா நிற்கும் நேரத்தில் படித்துவிட்டு, இருபத்து மூன்று பேர் தாங்களும் நடக்கும் வாரத்தையே எழுதி வந்ததாகக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு எங்கள் வட்டாரத்தில் வயது தவறி ஊசி போட்டதாக ஒரு செய்தியும் இல்லை. கோடு 11 மருந்து இல்லை என்று தெரிந்ததில் அப்புசாமி அவர்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

17. இவ்வாறு இருக்கையில், இம்மாதம் 8-ஆம் தேதி மையத்திலிருந்து ஊழியர் ஒருவர் வந்து, தாள்களைச் சுவரிலிருந்து அகற்றிக் கொண்டுபோய்விட்டார். என்ன காரணம் என்று கேட்ட கடைக்காரரிடம் குறிப்பாணையின் நகலைக் காட்டியிருக்கிறார். ‘அலுவலகத்தின் உள்விவரங்களை அனுமதியின்றிப் பொதுவிடத்தில் வெளியிட்டமைக்கும், ஒப்படைக்கப்படாத பணியில் ஈடுபட்டமைக்கும்’ திரு. சின்னப்பராஜ் இம்மாதம் 25-ஆம் தேதிக்குள் விளக்கம் தர வேண்டுமாம். அவருடைய தற்காலிகப் பணி டிசம்பரோடு முடிகிறது. இந்தக் குறிப்பாணை கோப்பில் இருந்தால் பணி நீட்டிப்புக் கிடைக்காது என்று சொல்கிறார்கள். விளக்கம் எழுதியதற்காக விளக்கம் கேட்கப்பட்ட மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

18. சுவரில் இப்போது பசையின் தடம் மட்டும் இருக்கிறது. கடந்த சனிக்கிழமை நான் அங்கே நின்றபோது, புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து புதிதாகத் திட்டத்தில் சேர்ந்த ஒருவர் கையில் படிவத்தோடு அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் வாயால் சொல்லி அனுப்பினேன். எத்தனை பேருக்கு என்னால் வாயால் சொல்ல முடியும்?

19. மையப் பொறுப்பாளரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புரோகிராமை நாளைக்கு மாற்றினால், சுவரில் இருக்கும் பழைய தாள் பொய் சொல்லும். யாராவது தவறாக ஒரு தாளை எழுதி ஒட்டினால், பழி மையத்தின் தலையில் விழும். அவர் அஞ்சுவது இதற்காக என்றால் அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு தாளிலும் தேதி போடட்டும், எழுதியவர் பெயரும் அலுவலக முத்திரையும் இருக்கட்டும், மாற்றம் வந்தால் புதுத் தாள் வரட்டும். தாளே வேண்டாம் என்பது, ஓட்டுநர் தவறு செய்வார் என்று பேருந்துக்குப் பலகையே மாட்டாமல் விடுவதைப் போன்றது.

20. இதையெல்லாம் எழுதும் நான் ஒன்றும் ஒழுங்கானவள் இல்லை. எங்கள் கொட்டகைக் கதவில் எண்ணோடு வட்டம், குறுக்குக் கோடு என்று பாப்பாயியும் நானும் பல குறிகள் போடுவோம். வட்டம் என்றால் மருந்துத் தண்ணீர் கொடுத்தாயிற்று என்று பொருள். சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் மேட்டூரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது, ஊருக்கு வந்திருந்த என் கணவர், வட்டத்தைக் கண்டு ‘கொடுக்க வேண்டும்’ என்று எண்ணி மறுபடியும் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து அவரைத்தான் திட்டினேன். எங்கள் குறிக்கு என்ன பொருள் என்று எங்கும் எழுதி வைக்காத குற்றம் என்னுடையது என்பது, திரு. சின்னப்பராஜ் கண்ணாடிக் கதவருகே அந்த ஒரு வரியைக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது கதவின் உட்புறம் ஓர் அட்டையில் எல்லாவற்றையும் எழுதி மாட்டியிருக்கிறேன். கணவர் அதைப் படித்துவிட்டு, இதை முதலிலேயே செய்திருந்தால் நான் திட்டு வாங்கியிருக்க மாட்டேனே என்றார்.

21. எனக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்றையும் தங்களிடம் சொல்ல வேண்டும். சென்ற மாதம் எங்கள் பண்ணை முகவரிக்கு இரண்டு தடித்த அஞ்சல் உறைகள் வந்தன. பெறுநர் பாப்பாயி என்று இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அவள் பெயருக்கு வந்த முதல் கடிதங்கள் அவை. அஞ்சல்காரர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கொடுத்தார். மையத்தில் வேலை பார்க்கும் வேறு இரண்டு பொறியாளர்கள், திரு. சின்னப்பராஜ் சொல்லக் கேட்டு, தீவனக் கலவைக்கும் எடைக் கணக்குக்கும் தாங்கள் எழுதிய விளக்கத்தை அனுப்பி, இது விளங்குகிறதா என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். நான் படித்துக் காட்டினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். “ரண்டாவது தாளு மட்டும் எனக்கு வெளங்கலைன்னு எழுதுங்க அம்மிணி. வருத்தப்படாம மறுக்கா எழுதச் சொல்லுங்க” என்றாள். அப்படியே எழுதி அனுப்பினேன். பத்தாம் நாள் மறுபடியும் எழுதி அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் தாளும் விளங்கிவிட்டது.

22. ஆகவே பொறியாளர்களுக்கு எழுத மனமில்லை என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். எழுதினால் யார் படிப்பார்கள் என்று தெரியாமல் இருந்தார்கள். தெரிந்ததும் எழுதுகிறார்கள். குறிப்பாணைக்குப் பிறகு வேறு கடிதம் வரவில்லை. வரும் என்று பாப்பாயி தினமும் அஞ்சல்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

23. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) திரு. சின்னப்பராஜ் மீதான குறிப்பாணையை, அவர் பதில் தர வேண்டிய 25-ஆம் தேதிக்கு முன்பே திரும்பப் பெற்று, அதே கோப்பில் அந்த நான்கு தாள்களையும் வைக்க வேண்டும். அவரது பணி நீட்டிப்பைப் பற்றி முடிவு செய்பவர்கள் முதலில் அவற்றைப் படிக்கட்டும்.

(ஆ) மையத்தின் பொறியாளர்கள் எல்லாருக்கும் வாரத்தில் ஒரு பிற்பகலை இந்த எழுத்து வேலைக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். இவர் ஞாயிற்றுக்கிழமையில் தம் கைக்காசில் பேருந்தேறி வந்து செய்தார். எல்லாரிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது. எழுதியவர் பெயர் தாளில் இருக்க வேண்டும், நன்றாக எழுதியவரைத் தாங்கள் கூப்பிட்டு நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தட்டிக்கொடுத்தால் எழுதுவார்கள்.

(இ) எந்தத் தாளையும் வெளியிடுமுன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவருக்காவது படித்துக் காட்ட வேண்டும். இதற்குப் பாப்பாயி வர ஆயத்தமாக இருக்கிறாள். செருப்பைக் கழற்றவும் அவளுக்குத் தடையில்லை, ஆனால் கழற்றிய பிறகு உள்ளே விட வேண்டும்.

(ஈ) படிவத்தில் வயதுக் கட்டத்தை எடுத்துவிட்டு, குஞ்சு வந்த தேதியைக் கேட்க வேண்டும். அது வரையிலாவது நான்கு தாள்களையும் முத்திரையோடு பழைய இடத்தில் ஒட்ட வேண்டும்.

24. ஆகஸ்டில் பிழைத்த குஞ்சுகள் இப்போது கோழிகளாகிவிட்டன. நேற்று முதல் முட்டை வந்தது. பாப்பாயி அதை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். இருவரும் குழி இருக்கும் வேலிப் பக்கம் பார்க்காமல் நின்றோம். அடுத்த கொட்டகையில் அக்டோபர் 26-ஆம் தேதி புதிதாக இரண்டாயிரம் குஞ்சுகள் இறக்கியிருக்கிறோம். இன்று புதன்கிழமை. அவற்றுக்கு முடிந்தது மூன்று வாரம், நடப்பது நான்காவது வாரம். இன்று அனுப்பிய படிவத்தில் 3 என்று எழுதினேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இருந்தார், எழுதினேன். புதுச்சத்திரத்துக்காரருக்கும் இன்னும் பெயர் தெரியாத மற்றவர்களுக்கும் அந்தச் சுவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைப்பது தங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது என்று நம்பி, அடுத்த வாரம் தீவனம் வாங்கப் போகும்போது சுவரைப் பார்ப்பேன்.

இணைப்பு:
1. நான்கு தாள்களின் சைக்ளோஸ்டைல் நகல்.
2. 3.8.1988 நாளிட்ட படிவத்தின் நகலும் அதற்கு வந்த சீட்டும்.
3. பாப்பாயிக்கு வந்த கடிதங்கள் மூன்று. (பார்த்தபின் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறாள்.)

இடம்: கருங்கல்மேடு
நாள்: 16.11.1988

இவ்வண்ணம்,
தங்கள் திட்டத்திலிருந்து இன்னும் பெயரை விலக்கிக்கொள்ளாத,
கை. சௌந்திரம்

இந்த மனு முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. பத்தொன்பதாம் பத்தி முதலில் விளங்கவில்லை. மாற்றி எழுதிய பின் விளங்கியது.

பாப்பாயி
(இடது பெருவிரல் ரேகை)